தகரப் பொம்மை வீடு: எந்தக் குறைக்கு என்ன வைத்தியம்

உங்கள் முன்னால் இருப்பது இரண்டில் ஒன்றாக இருக்கும். பழைய அட்டைப்பெட்டிக்குள் தட்டுத் தட்டாகக் கிடக்கும் தகரப் பலகைகளும், ஒரு பை நிறைய விரலளவு பிளாஸ்டிக் நாற்காலிகளும்; அல்லது யாரோ எப்போதோ பூட்டி நிறுத்தி, பல ஆண்டுகள் பரணில் கிடந்து, ஒரு மூலை சாய்ந்து வந்திருக்கும் வீடு. எதுவானாலும் குறடை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

1940களின் பிற்பகுதியிலிருந்து 1970கள் வரை அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக வந்து இறங்கிய வீடுகள் இவை. லூயி மார்க்ஸ் 1919இல் தொடங்கிய மார்க்ஸ் நிறுவனம்தான் இந்தத் தொழிலில் பெரிய கை. பென்சில்வேனியாவின் ஈரி, ஜிரார்டு, மேற்கு வர்ஜீனியாவின் கிளென் டேல் ஆகிய ஊர்களில் அதற்குத் தொழிற்சாலைகள் இருந்தன. சியர்ஸ் போன்ற பெருங்கடைகளின் தபால் விற்பனைப் பட்டியல்கள் வழியாக வீடுகள் ஊர் ஊராகப் போயின. புரூக்ளினில் டி. கோன், கனடாவில் ஈகிள், பிரிட்டனில் மெட்டாய் என்று வேறு கைகளும் உண்டு. நேஷனல் கேன் என்ற டப்பா நிறுவனம்கூட ‘பிளேஸ்டீல்’ என்ற பெயரில் பொம்மை வீடு போட்டது. அதில் வியப்பில்லை. பிஸ்கட் டப்பாவும் பொம்மை வீடும் தொழிற்சாலைக்கு ஒரே வேலைதான்.

அந்த வேலை எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால் கீழே வரும் குறைகளில் பாதிக்குக் காரணம் புரிந்துவிடும். வெள்ளீய முலாம் பூசிய இரும்புத் தகட்டைத் தட்டையாக வைத்து முதலில் படத்தை அச்சடிப்பார்கள். செங்கல், கொடி, ஜன்னல் திரை, தரை விரிப்பு, புத்தக அலமாரி எல்லாமே அச்சு. அதன்மேல் வார்னிஷ் பூசி, சூளையில் காயவைத்து, அதற்குப் பிறகுதான் வெட்டுவார்கள், மடிப்பார்கள். ஆகவே வெட்டிய விளிம்பில் எல்லாம் முலாமும் இல்லை, மையும் இல்லை; வெறும் இரும்பு. மடித்த இடங்களில் மை இழுபட்டு மெலிந்திருக்கும். வீட்டின் அழகு, விலை, வயது எல்லாம் தாளைவிட மெல்லிய அந்த மைப்படலத்தில் இருக்கிறது. தகரத்தைக் காப்பாற்றப்போய் மையைத் தொலைத்த வீடுகள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். அவற்றில் முதல் வீடு என்னுடையது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

இன்னொன்று: கையுறை போடுங்கள். அறுபது வயதுத் தகர விளிம்பு இன்றும் பிளேடுதான்.

பலகைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை

மடக்கி, நெரித்து, தட்டிப் பொருத்தப் பார்க்காதீர்கள். பொருந்தாத பலகை பெரும்பாலும் வேறு வீட்டின் பலகைதான். விற்பவர்கள் இரண்டு மூன்று உடைந்த வீடுகளைக் கூட்டி ஒரு வீடாகக் கட்டித் தருவது சகஜம்.

முதலில் அளவைப் பாருங்கள். மார்க்ஸ் வீடுகள் முக்கியமாக இரண்டு அளவில் வந்தன: ஓர் அடிக்கு முக்கால் அங்குலம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, ஓர் அடிக்கு அரை அங்குலம், அதாவது இருபத்து நான்கில் ஒரு பங்கு. ஐந்தரை அடி ஆள் முதல் வகையில் 4 அங்குலத்துக்குச் சற்று மேல் நிற்பார். இரண்டாம் வகையில் 2¾ அங்குலம்தான். பொம்மைக்காரர்கள் கணக்கைக் கறாராகக் கடைப்பிடித்தவர்கள் அல்ல. ஆனாலும் கதவை இந்த உயரத்தோடு ஒப்பிட்டால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

பிறகு மூலைகளைப் பாருங்கள். வெளிச்சுவரில் அச்சடித்த செங்கல் வரிசையோ மரப்பட்டிக் கோடோ மூலையில் திரும்பும்போது அதே உயரத்தில் தொடரவேண்டும். ஒரு வரிசை ஏறி இறங்கினால் அந்தச் சுவர் விருந்தாளி. உள் அலங்காரத்தை மட்டும் நம்பவேண்டாம். ஒரே உள் ஓவியத்தைப் பல முகப்புகளுக்கு மார்க்ஸ் பயன்படுத்தியிருக்கிறது. டிஸ்னி பாத்திரங்கள் சுவரெல்லாம் ஆடும் குழந்தை அறை இரண்டு பலகைகளிலும் இருக்கிறது என்பதால் இரண்டும் ஒரே வீடு என்று ஆகிவிடாது. வட்டத்துக்குள் பெரிய எக்ஸ் எழுத்தும் அதன் குறுக்கே ‘மார்’ என்ற எழுத்துகளும் இருந்தால் அது மார்க்ஸ் முத்திரை. அது எந்தப் பலகையில் இருக்கிறது என்று குறித்துவைத்துக்கொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிடுங்கள்.

பொருந்தும் என்று தெரிந்தபின், எந்த நாக்கையும் (பலகை விளிம்பில் துருத்தி நிற்கும் சிறு தகரப் பட்டையை) மடிக்காமல் முழு வீட்டையும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். ஒட்டும் வலு குறைந்த பெயின்டர் டேப்பை இரண்டு சுவர்களுக்கும் குறுக்கே போட்டால் நிற்கும். ஆனால் அன்றே எடுத்துவிடவேண்டும். பெரும்பாலான வீடுகளில் சுவர்களுக்குள் தரையும் மாடியும் முதலில் போகும், கூரை கடைசியில் வரும். கூரையை முதலில் மாட்டிவிட்டு மாடித் தரையைச் செருகப் பார்த்துத் தவித்தவர்கள் உண்டு.

நாக்கு முறிந்துவிட்டது, அல்லது முறியப்போகிறது

இந்த வீடுகளில் திருகாணி கிடையாது, பசை கிடையாது. ஒரு பலகையின் விளிம்பில் துருத்தி நிற்கும் நாக்கு அடுத்த பலகையின் நீளத் துளைக்குள் நுழைந்து மறுபக்கம் மடிகிறது. அவ்வளவுதான் கட்டுமானம். ஆகவே வீட்டின் ஆயுள் நாக்குகளின் ஆயுள்.

தகட்டை ஒரே கோட்டில் மடித்து நிமிர்த்தும்போது அந்தக் கோட்டில் இரும்பு இறுகிப்போகிறது. இறுகிய இரும்பு அடுத்த முறை வளையாது, விரிசல் விடும். கம்பியை முன்னும் பின்னும் ஆட்டி முறிக்கத் தெரியாத பிள்ளை இல்லை, அதே கதைதான். 1952இல் ஓர் அப்பா கிறிஸ்துமஸ் இரவு முழுவதும் உட்கார்ந்து மடித்தார், 1960இல் வீடு மாறும்போது ஒருவர் நிமிர்த்தினார், பிறகு பேத்திக்காக மீண்டும் ஒருவர் மடித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை வரும்போது மிச்சம் இருப்பது எத்தனை மடிப்பு? பத்து மடங்கு உருப்பெருக்கியில் மடிப்புக் கோட்டைப் பாருங்கள். கோட்டின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறல் தொடங்கியிருந்தால் மிச்சம் பூஜ்யம்.

பிரிக்கவேண்டிய கட்டாயம் இருந்தால் மட்டும் பிரியுங்கள். பிரிக்கும்போது நாக்கின் நுனியைத் தூக்காதீர்கள். நுனியைத் தூக்கினால் நடுவில் புதிதாக ஒரு மடிப்பு விழும். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை அடியில் செருகி, மடிப்பின் வேருக்கு அருகே மெல்ல எழுப்புங்கள். பிறகு அலகுகளுக்கு டேப் சுற்றிய தட்டை மூக்குக் குறடால் நாக்கை முழு அகலத்துக்கும் பிடித்து, ஒரே அசைவில் நிமிர்த்துங்கள். பாதி நிமிர்த்தி, சரிபார்த்து, திருப்பி மடித்து, மீண்டும் நிமிர்த்துவது மூன்று முறைக்குச் சமம்.

திரும்பப் பூட்டும்போது நாக்கைச் சுவரோடு படிய மடிக்கவேண்டும் என்ற அவசியம் இல்லை. செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்தாலே பலகை கழன்று வராது. நாக்கை முறுக்கிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது ஒருமுறைக்கு உறுதியாகப் பிடிக்கும். அடுத்த முறை கையோடு வந்துவிடும்.

சரி, முறிந்தேவிட்டது. முதல் கேள்வி: அது தேவையா? ஐந்து நாக்கு உள்ள சுவர் மூன்றில் நன்றாகவே நிற்கும். பக்கத்து நாக்குகள் உறுதியாக இருந்தால் விட்டுவிடுங்கள். முறிந்த துண்டை மட்டும் எறிந்துவிடவேண்டாம்.

தேவை என்றால் நான் பயன்படுத்துவது காந்தம். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய நியோடிமியம் வில்லைகள் போதும். வீடு இரும்பு என்பதால் இந்த வைத்தியம் இங்கே மட்டும் பலிக்கிறது. ஒரு டப்பா மூடியிலிருந்து சிறு பட்டை வெட்டி, எல் வடிவில் மடித்து, சுவரும் தரையும் சேரும் மூலைக்குள் வைத்து, இரு பக்கமும் ஒவ்வொரு வில்லை. மைக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு துண்டு மெல்லிய தாள் வைத்தால் கீறாது. பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம், தடம் இருக்காது.

ஈயம் உருக்கிப் பற்றவைக்க (சால்டர் செய்ய) நினைக்காதீர்கள். சாதாரணப் பற்றுக்கலவை 183 பாகை செல்சியஸில் உருகும். அதை உருக்கும் சூட்டுக்கோலின் நுனி அதைவிட மிகச் சூடு. தகட்டின் வெள்ளீய முலாமே 232 பாகையில் உருகிவிடும் என்னும்போது, அதன்மேலுள்ள வார்னிஷ் என்ன ஆகும்? பழுப்பாகிக் கொப்புளிக்கும். பற்றுவதற்குத் தடவும் அமிலம் மிஞ்சி நின்று அடுத்த துருவுக்கு வித்திடும். நொடியில் ஒட்டும் பசையும் வேண்டாம். அதன் ஆவி படிந்து சுற்றிலும் வெள்ளை மூட்டம் போட்டுவிடும். எப்படியாவது ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால் அச்சில்லாத முகத்தைத் தேடுங்கள். சுவர்கள் பெரும்பாலும் இரு முகமும் அச்சடித்தவை. தரையின் அடிப்பக்கம் ஒன்றுதான் அடிக்கடி வெறுமையாக இருக்கும்.

வீடு ஆடுகிறது

வீட்டைக் குறை சொல்வதற்கு முன் மேசையைப் பாருங்கள். கண்ணாடித் தட்டு அல்லது தடித்த பலகையின்மேல் வைத்தும் ஆடினால் எங்கோ ஒரு நாக்கு துளையின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. முழுதாக உள்ளே தள்ளிவிட்டுப் பாருங்கள். பத்தில் எட்டு முறை இவ்வளவுதான்.

துரு

தகரம் துருப்பிடிக்காது என்பதற்குத்தானே முலாம் பூசினார்கள், பிறகு ஏன் இப்படி என்று கேட்பவர்கள் உண்டு. நம் வீட்டுத் துத்தநாகப் பூச்சு வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தன்னை அரித்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். வெள்ளீயம் அப்படிப்பட்ட தியாகி அல்ல. முழுதாக மூடியிருக்கும்வரை காவல். கீறல் விழுந்து இரும்பு தெரிந்துவிட்டால், காற்றும் ஈரமும் சேர்ந்த இடத்தில் வெள்ளீயம் தான் தப்பித்துக்கொண்டு இரும்பை முன்னால் தள்ளிவிடும். கீறல் உள்ள தகரம் வெறும் இரும்பைவிட அந்தக் கீறலில் வேகமாக அரிக்கப்படுவது இதனால்தான்.

விளிம்புகளிலும் நாக்குகளிலும் ஆரஞ்சுப் பொடி மட்டும் இருந்தால் கவலை குறைவு. பல்குத்தும் குச்சி அல்லது கூராக்கிய மூங்கில் குச்சியின் நுனியில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் தொட்டு, துருவின்மேல் வைத்து, ஒரு மணி நேரம் விட்டு, விளிம்பின் நீளவாக்கில் சுரண்டுங்கள். மையை நோக்கிச் சுரண்டாமல், மையிலிருந்து விலகி வெளிப்பக்கமாகச் சுரண்டவேண்டும். பிறகு எண்ணெயை முழுதாகத் துடைத்துவிடுங்கள். தங்கும் எண்ணெய் தூசியைப் பிடிக்கும். தூசி ஈரத்தைப் பிடிக்கும்.

அச்சுக்கு நடுவே பழுப்புப் புள்ளிகள் இருந்தால், தொட்டுப் பார்க்காமல் உருப்பெருக்கியில் பாருங்கள். புள்ளி மையின் மேலே படிந்த கறையா, அல்லது மையைத் துளைத்துக்கொண்டு அடியிலிருந்து எழுந்ததா? மேலே படிந்தது என்றால் எண்ணெய் தொட்ட பஞ்சுக் குச்சியில் போய்விடும். அடியிலிருந்து எழுந்தது என்றால் அதன் சுற்றுப்புற மையெல்லாம் துருவின் முதுகில்தான் உட்கார்ந்திருக்கிறது. துருவை எடுத்தால் மையும் சேர்ந்து வரும். இங்கே செய்யவேண்டியது ஒன்றுதான்: ஈரத்தை நிறுத்துவது.

பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி, வினிகர், எலுமிச்சை எதுவும் அச்சுப் பக்கத்தில் வேண்டாம். துருவைக் கறுப்பாக மாற்றும் டானின் திரவங்களும் அப்படியே. வெள்ளைச் சமையலறைச் சுவரில் மைத்துளி சிந்தியது போல நிற்கும். கம்பி நார், எவ்வளவு மெல்லியதானாலும், அச்சில்லாத அடிப்பக்கத்துக்கு மட்டும்.

துரு ஓட்டை போட்டுவிட்டதா? ஓட்டையை அடைக்காதீர்கள். பின்னாலிருந்து அமிலமற்ற தாளில் அதே நிறம் தீட்டி வைத்துவிடுங்கள். இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. நெருங்கிப் பார்ப்பவரை ஏமாற்றவும் வேண்டாம்.

துரு நீங்கிய வீட்டுக்கு மெழுகுப் பூச்சு நல்லது. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் 1950களில் உருவான நுண்படிக மெழுகுக் கலவையைத்தான் அருங்காட்சியகத்தார் இன்றும் பயன்படுத்துகிறார்கள். மிகக் கொஞ்சமாகத் தடவி, உடனே மெல்லிய துணியால் துடைத்துவிடவேண்டும். விளிம்புகளுக்கும் துளைகளின் ஓரங்களுக்கும் தவறாமல் போடுங்கள். பாதுகாப்பு தேவைப்படுவது அங்கேதான்.

பிசுக்கும் மஞ்சள் மூட்டமும்

என் முதல் வீட்டின் கதை இது. சமையலறைத் தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டிருந்தது. அதன்மேல் கையளவுக்கு ஒரு பழுப்புப் பிசுக்கு. சுவரில் பிள்ளைகள் கிறுக்கியதை மந்திரம் போல அழிக்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்ச் ஒன்று வீட்டில் இருந்தது. நனைத்து நாலு தேய்ப்பு. பிசுக்கு போயிற்று. கூடவே நாலு கட்டமும் போயின. அந்த ஸ்பாஞ்ச் சோப்பு வேலை செய்வதில்லை; அது மிக நுண்ணிய உப்புத்தாள். இன்றும் அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் அடுப்பை நிறுத்தி மறைத்துவைத்திருக்கிறேன்.

முதலில் உலர்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பிறகு, கூரையின் உள்பக்கம் போல யாரும் பார்க்காத ஓர் இடத்தில், வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் விட்டு, பிழிந்த பஞ்சுக் குச்சியால் உருட்டிப் பாருங்கள். தேய்க்காமல் உருட்டவேண்டும். குச்சியில் ஏறுவது சாம்பல் நிறம் என்றால் அழுக்கு, தொடரலாம். சிவப்போ பச்சையோ ஏறினால் அது வீடு, அங்கேயே நிறுத்துங்கள். வெவ்வேறு நிறம் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். ஒவ்வொரு நிறத்தையும் தனியாகச் சோதியுங்கள். அச்சு சரியாக இருந்தால் ஓர் உள்ளங்கை அளவு இடத்தைத் துடைத்து, வெறும் நீரில் நனைத்த குச்சியால் சோப்பை எடுத்து, உடனே உலர்த்தி, பிறகு அடுத்த உள்ளங்கை. வீட்டை நீரில் முக்கிக் கழுவுபவர்கள் இருக்கிறார்கள். மடிப்புகளுக்குள் புகுந்த நீர் வெளியே வராது. மாதம் கழித்துத் துருவாகத்தான் வரும்.

அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான், ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் எல்லாம் விலக்கு.

வார்னிஷே மஞ்சளாகிவிட்டால், அழுக்கைத் துடைத்த பிறகும் வீடு முழுவதும் ஒரே சீராகத் தேன் பூசியது போல இருக்கும். அது அதன் வயது. விட்டுவிடுங்கள்.

டேப், கிரயான், பேனா

காய்ந்து பழுப்பான செல்லோ டேப்பை உரிக்கக்கூடாது. மை அதோடு வரும். முடி உலர்த்தியின் மிகக் குறைந்த சூட்டில் தூரத்திலிருந்து காட்டி, பிளாஸ்டிக் அட்டையால் தாழ்ந்த கோணத்தில் தள்ளுங்கள். மிஞ்சும் பசைக்கு லைட்டரில் ஊற்றும் நாப்தா. சோதித்த பிறகு மட்டும், ஜன்னலைத் திறந்து, நெருப்பில்லாத இடத்தில். கிரயான் மெழுகுதான், பேபி ஆயில் தொட்ட பஞ்சுக்குப் பெரும்பாலும் வழிவிடும். பந்துமுனைப் பேனாக் கிறுக்கலுக்கு எதை எடுத்தாலும் அது வீட்டின் மையையும் எடுக்கும். முன்வாசல் கதவில் ஒரு பிள்ளை தன் பெயரை எழுதியிருந்தால் அதுதான் வீட்டின் பெயர்ப்பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒடுக்கு விழுந்திருக்கிறது

பாத்திரத்துக்கு ஒடுக்கு எடுப்பவர் சுத்தியலால் தட்டுவார். பாத்திரத்தில் அச்சு இல்லை. இங்கே சுத்தியலை மறந்துவிடுங்கள். ஒடுக்கு விழுந்த பலகையைத் தடித்த ஃபெல்ட் அல்லது மடித்த துணிமேல் குப்புற வைத்து, மரக்கரண்டியின் முதுகால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறு வட்டங்களாக அழுத்துங்கள். முக்கால்வாசி நிமிர்ந்ததும் நிறுத்துங்கள். கூர்மையான மடிப்பாக விழுந்த ஒடுக்கை முழுதாக நிமிர்த்தினால் மை கோடாக வெடிக்கும்.

சில பலகைகள் அழுத்தினால் ‘டப்’ என்று அந்தப்பக்கம் போகும், விட்டால் ‘டப்’ என்று இந்தப்பக்கம் வரும். நடுவில் தகடு நீண்டுவிட்டது என்பதே காரணம். நீண்ட தகட்டைக் குறுக்க வீட்டில் வழியில்லை. நாக்குகளை மடித்துப் பூட்டினால் சட்டத்தின் இழுப்பில் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

நிறம் மங்கிவிட்டது

வெயில். திரும்பாது. மேலே வண்ணம் தீட்டாதீர்கள்: பழைய அச்சில் பல இடங்களை உருப்பெருக்கியில் பார்த்தால் படம் புள்ளி புள்ளியாகப் பிரியும், தூரிகை வண்ணம் அங்கே அப்பியது போலத் தெரியும். நீங்கள் வாங்கும் வீட்டில் முந்தையவர் கைவரிசையைக் கண்டுபிடிக்கவும் இதே சோதனைதான்.

“பாப்பா விளையாடலாமா?”

குறை என்று யாரும் கொண்டுவராத குறை இது; ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது. தமிழில் ஒரு சொல் இங்கே காலை வாரிவிடும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். உடம்புக்குக் கேடான ஈயம் காரீயம். இரண்டையும் ‘ஈயம்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பொம்மை வீட்டின் முலாம் வெள்ளீயம், அதில் பயமில்லை. பயம் மையில் இருக்கிறது. அந்தக் காலத்து மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிறங்களில் காரீயக் குரோமேட் பரவலாகப் பயன்பட்டது. அமெரிக்கா பொம்மைகளின் வண்ணப்பூச்சில் காரீயத்தை 0.06 விழுக்காட்டுக்குக் கட்டுப்படுத்தியது 1978இல்தான். 2009இல் அது 0.009 ஆகக் குறைந்தது. நம் வீடுகள் எல்லாம் அதற்கு முந்தியவை.

கடையில் கிடைக்கும் குச்சிச் சோதனையில் குச்சி சிவந்தால் காரீயம் உண்டு என்று தெரியும். சிவக்காவிட்டால் இல்லை என்று பொருளாகாது. வார்னிஷ் மறைத்திருக்கலாம், குரோமேட் வகை அந்தக் குச்சிக்கு எளிதில் பிடிபடுவதும் இல்லை. எக்ஸ் கதிர்க் கருவியால் சோதிப்பவர்களிடம் காட்டினால்தான் உறுதி. அதுவரை என் வீட்டில் விதி இது: வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி அலமாரி வழியாகப் பார்க்க மட்டும் அனுமதி, தொடும் பெரியவர்கள் கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டுக்கு வரவேண்டும். இதே காரணத்தால் துருவை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக்கூடாது, மைமேல் உப்புத்தாள் போடக்கூடாது. சுரண்டிய பொடியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

நாற்காலி உருகியிருக்கிறது, கட்டில் வளைந்திருக்கிறது

வீட்டோடு வரும் சாமான்கள் பலவகைப் பிளாஸ்டிக். மேசைமேல் போட்டால் ‘கிளிங்’ என்று சில்லறை போல ஒலிப்பது பாலிஸ்டைரீன். மார்க்ஸின் தொடக்ககாலச் சாமான்களும் இழுப்பறை திறந்து மூடும் ரென்வால் சாமான்களும் பெரும்பாலும் இந்த வகை. மழுங்கலாக ஒலித்து, நகத்துக்குச் சற்று இடம் கொடுப்பது பாலிஎத்திலீன்.

நாற்காலியின் இருக்கையில் ஒரு பொம்மையின் பின்புறம் பதிந்தது போலப் பள்ளம் இருக்கிறதா? வெப்பம் காரணம் அல்ல. வினைலை மென்மையாக்கக் கலக்கும் இளக்கி பொம்மையிலிருந்து கசிந்து பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. பொம்மையை இன்றே பிரித்து வையுங்கள். பள்ளம் மாறாது, மேலும் ஆழமாகாமல் இருக்கும். மின்கம்பியின் மேலுறை, ரப்பர் வளையம் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். சாமான்களை ரப்பர் வளையத்தால் கட்டி வைப்பது பழைய பழக்கம். அதன் தழும்பு எத்தனை அலமாரிகளின் முகத்தில்!

உடைந்த காலை ஒட்ட முதலில் வகையைக் கண்டுபிடியுங்கள். பாலிஸ்டைரீனுக்கு மாதிரி விமானம் ஒட்டும் கரைப்பான் பசை, ஊசி முனையளவு. பாலிஎத்திலீனுக்குச் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, நேரம் வீண். வளைந்து திருகிய பழைய சாமானில் வினிகர் வாடை வந்தால் அது செல்லுலோஸ் அசிடேட், மெல்ல அழிந்துகொண்டிருக்கிறது. அந்த ஆவி பக்கத்திலுள்ள தகரத்தையும் அரிக்கும். அதை வீட்டுக்குள் வைக்காமல், காற்றோட்டமாகத் தனியே வையுங்கள்.

விளக்கு எரியவில்லை

மின்விளக்கு பொருத்திய வீடு என்றால் முதலில் பேட்டரிக் கூட்டைத் திறந்து பாருங்கள். அந்தக் காலத்துத் துத்தநாகக் கரி பேட்டரி கசிந்து வெள்ளைப் பொருக்காக உறைந்திருக்கும். கையுறையோடு, உலர்வாகச் சுரண்டி எடுத்து, சமையல் சோடா கரைத்த நீரைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு உலோகத் தகட்டை மட்டும் துடையுங்கள். பிந்தைய ஆல்கலைன் பேட்டரி என்றால் சோடா உதவாது. நீர்த்த வினிகர் ஒரு சொட்டு, அச்சின்மேல் படாமல். பிறகு வெறும் நீரால் துடைத்து உலர்த்தவேண்டும். கம்பி முறிந்திருந்தால் மாற்றலாம். பல்பை அதே வோல்ட் பார்த்து வாங்குங்கள். விளக்கு எரிந்ததும் மகிழ்ச்சியில் பேட்டரியை உள்ளேயே விட்டுவிடாதீர்கள். முதல் கசிவும் அப்படித்தான் வந்தது.

எல்லாம் முடிந்தது, எங்கே வைப்பது?

பரண் வேண்டாம், நிலவறையும் வேண்டாம். ஒன்று கொதிக்கும், மற்றது வியர்க்கும். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டைத் தாண்டாத, வெயில் நேராக விழாத அறை போதும். கண்ணாடிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தால் மாதம் ஒருமுறை அதைச் சூடேற்றி உலர்த்துங்கள். ஊறிய பொட்டலம் வெறும் அலங்காரம். இடமில்லை என்று பிரித்துத் தட்டையாக அடுக்க ஆசை வரும். ஒவ்வொரு பிரிப்பும் நாக்கின் ஆயுளில் ஒரு கழித்தல் என்பதை நினைத்துக்கொண்டு, இடத்தைத் தேடுங்கள், வீட்டைப் பிரிக்காதீர்கள்.

முறிந்த நாக்குகளை ஓர் உறையில் போட்டு, வீட்டின் மாடியறையில் வைத்திருக்கிறேன். அதோடு ஒரு சீட்டு: எந்தச் சுவர், எத்தனையாவது நாக்கு, எந்த ஆண்டு, எத்தனை முறை மடித்தது என்று. பின்சுவரில் இடமிருந்து மூன்றாவது நாக்குக்கு எதிரே ‘இரண்டு முறை, கீறல் தெரிகிறது, தொடவேண்டாம்’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.